ஓர் அறை எஞ்சிய வீடு



நினைவு இல்லங்களைப் பேணும் முறைகளை ஆராயக் கூடியிருக்கும் இம்மாநாட்டிற்குத் தலைமை வகிக்கும் பேற்றை எனக்கு அளித்த உங்கள் அன்பிற்கு என் மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பொதுவான தத்துவங்களை விரித்துரைப்பதைவிட, ஒரே ஒரு வீட்டின் சரித்திரத்தை உங்கள் முன் வைப்பதே நம் ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கமாகும் என்று எண்ணுகிறேன்.

அர்ஜென்டினா தேசத்தின் வடமேற்கே, சான் மிகேல் தே துக்குமான் என்னும் நகரில் இருக்கிறது அந்த வீடு. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த அது அரண்மனையன்று. வாசலின் இரு மருங்கிலும் முறுக்குத் தூண்களும், உள்ளே முற்றங்களும், அவற்றைச் சூழ்ந்த அறைகளும் அமைந்த, பிரான்சிஸ்கா பசான் தே லகூனா என்னும் மாதரசிக்கு உரிய குடும்ப வீடு. ஸ்பானிய ஆட்சியினின்று விடுபட விழைந்த மாகாணங்களின் பிரதிநிதிகள் 1816 மார்ச் 24ஆம் தேதி அந்நகரில் தங்கள் மகாசபையைத் தொடங்கினர். ஜூலை 9ஆம் தேதி அவ்வீட்டின் கூடம் ஒன்றில், லப்ரிதா என்பவர் அவைத் தலைமை தாங்க, காரியதரிசி ஹுவான் ஹோசே பாசோ, இம்மாகாணங்கள் ஸ்பெயின் மன்னர்களின் பிடியினின்று நீங்கிச் சுதந்திர தேசமாவது உங்களுக்குச் சம்மதமா என்று வினவ, அவையினர் ஒருமித்த குரலில் இசைந்தனர். அந்தச் சுதந்திரப் பிரகடனம் ஸ்பானிய மொழியோடு, அந்நிலத்தின் ஆதிக்குடிகள் பேசும் கெச்சுவா, அய்மாரா மொழிகளிலும் அச்சிடப்பட்டது. மக்களுக்கு உரிய செய்தி மக்களின் தாய்மொழியிலேயே செல்ல வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்த அவர்களின் தீர்க்கதரிசனத்தை நாம் வணங்கத்தான் வேண்டும்.

இனி அந்த வீட்டுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1874இல் தேசிய அரசாங்கம் அதை விலைக்கு வாங்கியது. வாங்கியபின் அங்கே தபால் தந்தி நிலையத்தையும் நீதிமன்றத்தையும் அமர்த்தி, பழைய முகப்பை இடித்துப் புதுப்பாணியில் வேறொன்று கட்டியது. 1904ஆம் ஆண்டில், பிரகடனம் நிகழ்ந்த அந்த ஒரு கூடத்தை மட்டும் விட்டுவிட்டு ஏனைய பகுதிகளை முற்றிலும் தகர்த்து, கூடத்தைச் சுற்றிக் கம்பீரமான மண்டபம் ஒன்றை எழுப்பினார்கள். பகைவர் எவரும் அவ்வீட்டை இடிக்கவில்லை, போற்றியவர்களே இடித்தார்கள். பக்தி இருந்தது, பக்திக்கு வழிகாட்ட வேண்டிய அறிவு துணைநிற்கவில்லை.

ஆயினும் அவ்வீடு மீண்டது. 1869இல் ஆங்கெல் பாகனெல்லி என்னும் புகைப்படக்காரர் அதன் முகப்பைப் படமெடுத்திருந்தார். சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து, சிதைவு துலங்க நின்ற அந்த முகப்பை அழகுபடுத்தாமல் இருந்தபடியே பதித்த படம் அது. 1941இல் தேசியச் சரித்திரச் சின்னமாக அந்த இடம் அறிவிக்கப்பட்டபின், மாரியோ புஷியாஸோ என்னும் கட்டடக்கலை நிபுணர் அந்தப் படத்தையும், பழைய வரைபடங்களையும், மண்ணைத் தோண்டிக் கண்ட அஸ்திவாரங்களையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, 1943இல் வீட்டை மீண்டும் எழுப்பினார். இன்று அது சுதந்திரத்தின் தேசிய அருங்காட்சியகம்.

இங்கே ஒரு வினா எழும். மீண்டும் கட்டிய சுவரை வணங்கலாமா? பிரகடனத்தின் மூலச் சாசனமும் இன்று கிடைத்திலது. பிரதிகளைக் கொண்டே அதனை அறிகிறார்கள். எனினும் பிரதி என்று தன்னை ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளும் பிரதி சத்தியத்திற்கு விரோதமாகாது. இன்ன கூடம் 1816இல் நின்றது, இன்ன சுவர் 1943இல் எழுந்தது என்று வருவோருக்கு நேர்மையாகச் சொல்வதே அருங்காட்சியகத்தின் முதல் தர்மம். அந்தத் தர்மம் பிறழ்ந்தால், உண்மையாகவே எஞ்சிய அந்த ஒரு கூடத்தின் சாட்சியமும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

ஆகவே இம்மாநாட்டின் அமர்வுகளில் கட்டுரை படிக்கவிருக்கும் அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. எந்த நினைவு இல்லத்தையும் செப்பனிடத் தொடங்குமுன், அதன் ஒவ்வொரு சுவரையும் அளந்து, ஒவ்வொரு விரிசலையும் படமெடுத்து, அங்கே வாழ்ந்தோரின் சொல்லைக் கேட்டு எழுதிவைக்கும் நெறிமுறையை வகுத்துத் தாருங்கள். பெயர்ந்த பூச்சையும் விடாமல் பதித்த ஒரு மனிதரின் சிரத்தையினாலன்றோ, ஒரு தேசம் தான் இழந்த வீட்டுக்குள் மறுபடியும் காலெடுத்து வைத்தது! அந்தச் சிரத்தை நம் கரங்களிலும் குடிகொள்க என்று பிரார்த்தித்து, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.