எல்லையோரத்து விசுவாசம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அன்றாட வாழ்வு மாறிக்கொண்டே போகும்போது இறைவன்மேல் வைத்த பற்று எவ்வாறு நிலைக்கிறது என்பது பற்றி, ஒரு கிறித்தவன் என்ற முறையில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நீறு பூசிய நெற்றியினரும், தொழுகைக்கு விரையும் நண்பர்களும், திருச்சபை மக்களும் ஒருங்கே அமர்ந்திருக்கும் அவை இது. இங்கே சமயம் பரப்ப நான் எழுந்தேன் அல்லேன். நான் பிறந்த ஊரில் நடந்ததையும், என் அன்னையார் விஷயத்தில் நான் செய்த ஒரு பிழையையும் சொல்லி அமர்வேன்.

என் ஊர் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூர். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் புகைவண்டி கேரளத்துக்குள் நுழைந்ததும் நிற்கும் முதல் நிலையம் பாறசாலை. அந்த இருப்புப் பாதை 1979ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு எங்களுக்குக் களியக்காவிளை வழியாகச் செல்லும் பெருஞ்சாலையே எல்லாம். அச்சாலையில் ஓரிடத்தில் தமிழ்ப் பலகைகள் குறைந்து மலையாளப் பலகைகள் பெருகும். நிலத்தைப் பார்த்தால் எல்லை தெரியாது. இருபுறமும் அதே செம்மண், அதே பனை, அதே தென்னை, அதே மரச்சீனி விளைகள்.

எங்கள் பகுதிக்கு விசுவாசம் வந்த கதையே மாற்றத்தின் கதைதான். மயிலாடி மகாராசன் என்பவர் தஞ்சை சென்று திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பின்பேரில் செருமானியராகிய ரிங்கல்தௌபே 1806ஆம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பின்னர் இலண்டன் மிஷன் ஊழியம் நெய்யூர் வழியே எங்கள் பாறசாலையையும் எட்டிற்று. ஆங்கில ஊழியர்கள் தங்கள் ஏடுகளில் எங்கள் ஊரின் பெயரை வாய்க்கு வந்தவாறெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். செறுவாரக்கோணத்துப் பள்ளியின் பெயரில் எல்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து இன்றும் நிற்கிறது.

அந்நாளில் ஆலயத்துக்குச் சென்றவர்கள் சுகமாக இருப்பதற்காகச் சென்றவர்கள் அல்லர். தோளில் துணி இட்டதற்காகப் பெண்கள் அடிபட்டார்கள். ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசர் விளம்பரம் ஒன்று பிறந்த பின்னரே சாணார் குலப் பெண்களுக்கு மேலாடை உரிமை ஓரளவு கிட்டியது. அப்போதும் மேற்குலத்தார் அணியும் முறையில் அணியலாகாது என்று ஒரு முட்டுக்கட்டை வைத்தே கொடுத்தார்கள்! ஆகவே, விசுவாசம் என்றால் பழையது பழையபடியே இருக்கும் என்ற உறுதி என எங்கள் பாட்டனார்கள் ஒருநாளும் எண்ணியதில்லை.

இனி என் காலத்துக்கு வருகிறேன். நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நேசமணி அவர்கள் தலைமையில் நடந்த கிளர்ச்சியையும், 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர்களையும் இங்குள்ள மூத்தோர் அறிவார்கள். நெய்யாற்றின்கரை வட்டமும் சேரவேண்டும் என்ற கோரிக்கை இருந்தது, அது சேரவில்லை. பாறசாலை கேரளத்தில் நின்றது. என் அத்தை வீடு ஒரு மாநிலம், எங்கள் வீடு வேறு மாநிலம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1959இல், தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரிப் பேராயம், தென் கேரளப் பேராயம் என இரண்டாகப் பிரிந்தது. நிருவாகத்துக்கு அது ஏற்றதுதான், குறை கூறமாட்டேன். ஆனால் ஒரே ஞானப்பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள் இரண்டு பேராயத்தார் ஆனோம்.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. என் தந்தையார் பனையேறி. அவர் இறக்கிய அக்கானியை அன்னை காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். நாளடைவில் பனைகள் வெட்டுண்டன. ரப்பர் மரங்கள் வந்தன. நாற்பத்தைந்து வயதில் தந்தையார் பால் வெட்டக் கற்றுக்கொண்டார். விடியுமுன் எழுந்து பட்டையைக் கீறும் தொழில். மழை பெய்தால் வேலை இல்லை. மழைக்காலத்தில் எங்கள் அடுப்பில் மரச்சீனி மட்டுமே வேகும். அரிசி இருக்கும் நாளில், உலையில் இடுமுன் ஒரு பிடி எடுத்து ஒரு கலயத்தில் போடுவார் அன்னை. அது ஆலயத்துக்கு உரிய பிடியரிசி. அரிசியே இல்லாத நாளில் என்ன செய்வார் என்று நான் ஒருமுறை கவனித்தேன். வெறுங்கையைக் கலயத்துக்குள் விட்டு எடுத்தார். அந்தப் பழக்கம் விட்டுப் போகலாகாதாம். விசுவாசத்துக்கு வேதநூலார் கூறும் இலக்கணங்கள் பல உண்டு. எனக்கு நினைவில் நிற்பது அந்த வெறுங்கைதான்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். 1974ஆம் ஆண்டு, இருபத்தெட்டு வயதில், எங்கள் ஊர்ச் சபைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். பிள்ளைகள் எல்லாரும் மலையாளப் பள்ளியில் படித்தார்கள். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறச் சிறுபான்மையினருக்கு வசதி செய்துதர வேண்டும் என்று 1956இலேயே நம் அரசியலமைப்பில் 350 ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டதுதான். ஆனால் வேலை கிடைப்பது மலையாளத்தில் என்றால் எந்தத் தந்தை பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புவான்? ஞாயிறு ஆராதனையில் இளைஞர்கள் விழித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். ஆகவே ஆராதனையை மலையாளத்துக்கு மாற்றுவது என்று ஒரு தீர்மானம் வந்தது. நான் அதற்குக் கை தூக்கினேன். தூக்கியது தவறு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குச் சென்று அன்னையிடம் ஒரு சொல் சொல்லாமல் விட்டேனே, அதுதான் பிழை. அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில்தான் அதனை அறிந்தார்.

அன்னைக்கு மலையாளம் தெரியாது என்று எண்ணாதீர்கள். எல்லையோரத்துக்காரர் அனைவர்க்கும் அது தெரியும். சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசி இரண்டணா குறைக்க வல்லவர் அவர். ஆனால் இறைவனோடு பேசிய மொழி தமிழ். மேலும், வேதத்தில் வரும் மலையாளம் சந்தை மலையாளம் அன்று. அன்று ஆராதனை முடிந்து வீடு திரும்பியவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரங்களிலும் தமிழ் வேதாகமத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின் வரிசையில் அமர்ந்தார். நான் முன் வரிசையில் இருந்தேன்; திரும்பிப் பார்க்க மனம் வரவில்லை. அவர் சினந்திருக்கிறார் என்றும், ஊமை போல வந்து போகிறார் என்றும் எண்ணிக்கொண்டேன். பல மாதங்கள் இப்படியே கழிந்தன.

ஒரு நாள் அவர் வேதாகமத்தைக் கையில் எடுக்க நேர்ந்தது. பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஓர் அட்டவணை இருந்தது. இடப்பக்கம் மலையாள வேதத்தின் ஆகமப் பெயர்கள், தமிழ் எழுத்தில். வலப்பக்கம் நம் தமிழ் வேதத்தின் பெயர்கள். உல்பத்தி என்றால் ஆதியாகமம். சங்கீர்த்தனங்கள் என்றால் சங்கீதம். மத்தாயி என்றால் மத்தேயு. அறுபத்தாறு ஆகமங்களும் அப்படியே. பக்கத்து வீட்டுச் சிறுமியை மலையாள வேதத்தின் பொருளடக்கத்தைப் படிக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய கை அது. எழுத்துக்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் சாய்ந்திருந்தன.

ஒரு சிறு செய்தியை இடையே சொல்ல வேண்டும். இசுரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறிய வரலாற்றுக்குத் தமிழ் வேதம் யாத்திராகமம் என்று வடசொல்லால் பெயர் சூட்டியிருக்கிறது. மலையாள வேதமோ அதனைப் புறப்பாடு என்கிறது! தூய தமிழ் எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள். நம் தமிழாசிரியர்கள் இதைக் கேட்டு மகிழலாம், அல்லது வெட்கப்படலாம்.

"இதை வைத்து என்ன செய்கிறீர்கள் அம்மா?" என்று கேட்டேன்.

"ஆகமத்துப் பேரு தெரிஞ்சாப் போதும் மக்களே. அதிகாரமும் வசனமும் எண்ணுதானே? எண்ணு ரெண்டு பாசையிலயும் ஒண்ணுதான்" என்றார்.

எவ்வளவு உண்மை! இருபத்திமூன்று என்பதை மலையாளத்தில் சொன்னாலும் நமக்கு விளங்கும். ஆகமத்தை அட்டவணையில் கண்டு, எண்ணைக் காதால் பிடித்து, தமிழ்ப் பக்கத்தைத் திறந்துவிடுவார். மேடையில் மலையாளம் வாசிக்கப்படும். அவர் கண் தமிழில் ஓடும். பாட்டு வேளையில் இன்னும் எளிது. எங்கள் நெய்யாற்றின்கரை வட்டத்துத் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாத்திரியார், தமிழ், ஆங்கிலப் பாடல்கள் பலவற்றை மலையாளத்துக்குக் கொண்டுவந்தவர். தாமும் பல இயற்றியவர். தெரிந்த மெட்டு வந்தால் அன்னை தமிழ்ச் சொற்களைத் தாழ்ந்த குரலில் பாடுவார். அருகில் இருந்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பின்னர் அவரோடு சேர்ந்து பாடிய கிழவிகளும் உண்டு.

"என்மேல் வருத்தமா?" என்றேன். "வருத்தம்தான்" என்றார், சற்றும் தயங்காமல். "நீ ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவ்வளவு பேசுவது எங்கள் வீட்டு வழக்கம் அன்று.

மாற்றத்தை விரும்பி ஏற்றவர்களின் வரலாறுகளை நாம் பெரிதாகப் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். டாக்டர் சாமர்வெல் 1922இல் எவரெஸ்டு ஏறச் சென்ற குழுவில் இருந்தார். பனிச்சரிவில் சுமையாளர் எழுவர் மாண்ட துயரத்தோடு இறங்கி வந்தவர், இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளைக் கண்டார். இலண்டனில் தமக்கிருந்த பெரும் வாய்ப்பைத் துறந்து, எங்கள் மக்களுக்கே பல்லாண்டு அறுவை மருத்துவராக உழைத்தார். எங்கள் எல்லையோரத்துக் காரக்கோணத்தில் அவர் பெயரால் ஒரு மருத்துவக் கல்லூரி இன்று இயங்குகிறது. அவர் தேர்ந்தெடுத்தார். என் அன்னையை யாரும் கேட்கவில்லை. மாநிலம் பிரிந்தபோதும் கேட்கவில்லை, பேராயம் பிரிந்தபோதும் கேட்கவில்லை, பனை போனபோதும் கேட்கவில்லை. கடைசியில் பெற்ற மகனும் கேட்கவில்லை. கேளாமல் வந்த மாற்றத்தில் இறைவனைப் பற்றிக்கொள்வது, மலையேறிய அந்தப் பெரியவரின் செயலைவிட எளிதன்று என்பது என் கருத்து. பாலையில் இசுரவேலருக்கு மன்னா அன்றன்றைக்கே கிடைத்தது. மறுநாளைக்கு வைத்தால் புழுத்தது. அன்னையின் விசுவாசமும் அன்றன்றைக்கு உரியதாகவே இருந்தது. இந்த ஞாயிற்றுக்கு எந்த ஆகமம், எந்த எண் என்பதே அவர் கவலை.

அவர் 1991இல் மறைந்தார். அடக்க ஆராதனை மலையாளத்தில் நடந்தது. கல்லறையருகே இருபத்திமூன்றாம் சங்கீதத்தைத் தமிழில் நான் வாசிக்க இசைவு கேட்டேன். போதகர் மனமுவந்து இசைந்தார்.

அந்த வேதாகமம் இப்போது இந்நகரில், நம் குடியிருப்பில், என் வீட்டில் இருக்கிறது. என் பேத்தி வீட்டில் தமிழ் பேசுவாள், வீதியில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. சென்ற மாதம் அதனைப் புரட்டிப் பார்த்தவள், பின்னட்டையைக் காட்டி, "தாத்தா, இது என்ன பட்டியல்?" என்றாள். சொன்னேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வரிசைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிசைக்கு இடம் இருக்கிறதே என்றாள். பென்சிலைக் கொடுத்தேன். இடப்பக்கப் பெயர்களை நான் படிக்க, ஆங்கிலப் பெயர்களை அவள் எழுதி வருகிறாள். நேற்று மாலை வரை இருபத்தாறு ஆகமங்கள் முடிந்திருக்கின்றன. வலப்பக்கத்து எழுத்துக்களைத் தானே படிக்கவேண்டுமாம்; அதற்காக நம் சங்கத்து ஞாயிறு மாலைத் தமிழ் வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறாள். வகுப்பு ஐந்து மணிக்கா ஐந்தரைக்கா என்று செயலாளர் அவர்கள் இவ்வுரை முடிந்ததும் அறிவித்தால் நலமாக இருக்கும்.