சதியா, சத்தியமா?

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியது)

லத்தீனில் 'கோன்யூராத்தியோ' என்றொரு சொல் உண்டு. கூடிச் சத்தியம் செய்தல் என்பதே அதன் நேர்ப்பொருள். கி.மு. 63-ல் ரோமாபுரியில் கத்திலீனா கூட்டத்தாருக்கு அதுவே சதி. பின்னர் ஐரோப்பிய நகரத்தார் ஆணையிட்டு ஒன்றுபட்டபோது அதுவே உடன்படிக்கை.

நம் பக்கத்துச் செங்கத்தைப் பாருங்கள். மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) காலத்தில் அதிகமான் விடுகாதழகிய பெருமாள் முதலிய சிற்றரசர்கள் தமக்குள் செய்த ஒப்பந்தத்தைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். பிரபுக்கள் கூடினால் சாசனம்!

1913-ல் வெள்ளைக்கார சர்க்கார், இருவர் குற்றம் செய்ய உடன்பட்டாலே குற்றம் என்று சட்டம் செய்தது. 1924-ல் கான்பூர் சதி வழக்கில் நம் சிங்காரவேலரையும் சேர்த்தது. தொழிலாளிக்காகக் கூடினால் சதி!

ஆகவே 'சதி' என்று எவர் கூவினாலும், யாருக்கு விரோதமாக, யார் நன்மைக்காக என்று நாம் கேட்டறிந்த பின்பே நம்புவோமாக.