புகை பாஸ், பிறேக் எப்படி?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வழக்கமாகச் சமயமும் இலக்கியமுமே பேசப்படும். மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி வேண்டும் என்று கேட்டபோது, செயலாளர் அவர்கள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “சரி தம்பி, கால் மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும்” என்றார். இன்று மாலை இம்மண்டபத்துக்கு வந்தவர்களில் அநேகர் எதில் ஏறி வந்தீர்கள் என்பதை வாசலில் நிற்கும் வரிசை சொல்லும். உள்ளே வருமுன் அந்த வரிசையோடு ஒருமுறை நடந்து பார்த்தேன். என்ன கண்டேன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். எது யாருடைய வண்டி என்று மட்டும் சொல்லமாட்டேன்.

வருஷத்துக்கு ஒரு தடவை நாங்கள் என்ன செய்கிறோம்? வண்டியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறோம். சைலன்சருக்குள் ஒரு குழாயை நுழைத்து, வெளிவரும் புகையிலே காபன் மொனொக்சைட்டு எவ்வளவு, எரியாத ஐதரோகாபன் எவ்வளவு என்று யந்திரம் அளக்கிறது. அந்தச் சான்றிதழையும் காப்புறுதிப் பத்திரத்தையும் பிரதேச செயலகத்தில் கொடுத்து வருமான அனுமதிப்பத்திரம் பெறுகிறோம். 2008ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கிய இப்பரிசோதனையை நான் குறைகூற வரவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றுக்கு அது நல்லது. ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியவுடன் நாங்கள் சொல்லும் வார்த்தை எது? “வண்டி பாஸ்!” என்கிறோம். பாஸ் ஆனது வண்டியல்ல, அதன் மூச்சு மாத்திரமே. பிறேக்கையும் டயரையும் கையாற் பிடித்துப் பார்ப்பது அந்தப் பரிசோதகரின் வேலையல்ல. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் என்று வேறொன்று உண்டு. இத்தீவில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கோ அது கேட்கப்படுவதில்லை.

நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நகம் பார்ப்பார்கள். ஆகவே ஞாயிறு இரவு நாங்கள் எல்லோரும் ஒழுங்காக நகம் வெட்டுவோம்; காதுக்குப் பின்னால் இருந்த அழுக்கு அப்படியே இருக்கும். எதைப் பார்ப்பார்களோ அதைமட்டும் திருத்துவது மனித சுபாவம். காபரேற்றரில் காற்றும் பெற்றோலும் கலக்கும் அளவைத் திருத்த ஒரு சிறு திருகாணி உண்டு. பரிசோதனைத் தினம் காலையில் அதைத் திருகி, மாலையில் பழையபடி திருப்பிவிடுகிறவர்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன்.

இவ்விஷயத்தில் எனக்கு அக்கறை வந்த விதத்தைச் சொல்லவேண்டும். சென்ற வருஷம் ஒரு பின்னேரம் தங்கச்சியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ரியூசன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். உவர்மலை இறக்கத்தில் குறுக்கே ஒரு மாடு வந்தது. முன் பிறேக்கை அழுத்தினேன். “டக்” என்று ஒரு சத்தம். கைபிடி வெறுமையாய் உள்ளே போய்விட்டது. பின் பிறேக்கை மிதித்தேன். மிதிபடி கீழே போனதேயன்றி வேகம் குறையவில்லை. வீடு கட்டுவதற்காகக் கரையில் கொட்டியிருந்த மணற்குவியலில் வண்டியைச் செலுத்தினேன். எனக்கு ஒன்றுமில்லை. தங்கச்சியின் முழங்காலில் ஐந்து தையல். அவளுடைய புத்தகப் பையை மணலுக்குள் தேடி எடுத்தபோது என் சட்டைப் பையில் இருந்த புகைச் சான்றிதழுக்கு வயது பதினொரு நாள்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் கேபிளின் அறுந்த முனையை என் உள்ளங்கையில் வைத்தார். கைபிடிக்குள் பொருந்தும் ஈயக்குமிழுக்குப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, அறுந்த இடமெல்லாம் செம்பழுப்பாய்த் துருவேறியிருந்தது. கடைசியில் மிஞ்சிய இரண்டு மூன்று இழைகளே அன்று போயின. மாதக்கணக்காக நடந்த காரியம். நான் தினமும் பிடித்த கைபிடிக்குக் கீழே நடந்தது!

“அண்ணன், எஞ்சின் ஒரு நாளும் கரைச்சல் தந்ததில்லையே” என்றேன்.

“அதுதான் தம்பி கரைச்சல்” என்றார். “எஞ்சின் நிண்டால்தானே எங்களிட்டைக் கொண்டு வருவியள்?”

இதைப்பற்றிப் பின்னர் அதிகம் யோசித்தேன். நம்முடைய தாத்தாமார் காலத்தில் ஓடிய பீ.எஸ்.ஏ., நோர்ட்டன், ட்றயம்ப் முதலிய ஆங்கில வண்டிகள் நின்ற இடத்தில் ஒயில் சிந்தும், மழைக்குப் பற்றாது, பொயின்ற் அடிக்கடி சுத்தப்படுத்த வேண்டும். எனவே உடையவன் கிழமைக்கு ஒருதரமாவது சாக்கை விரித்து அதன் பக்கத்தில் குந்த நேர்ந்தது. குந்தியவன் கண்ணுக்குத் தளர்ந்த நட்டும் தேய்ந்த டயரும் தாமாகத் தட்டுப்பட்டன. ஜப்பானியர் இந்த நிலைமையை மாற்றினார்கள். ஹொண்டாவின் சூப்பர் கப் 1958இல் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வகையில் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. 1976இல் வந்த சீ.ஜீ. 125 வண்டியின் எஞ்சினையோ, ஒழுங்காக ஒயில் மாற்றாதவர்களிடமும் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே தள்ளுகம்பி முறையில் எளிமையாக அமைத்தார்கள். இன்று நம் தெருக்களில் ஓடும் இந்திய வண்டிகளும் அந்த வழி வந்தவையே. ஒரே உதையில் ஸ்ராட் ஆகும் வண்டியை நாம் நம்பகமானது என்கிறோம். எஞ்சின் எவ்வளவு நம்பகமோ அவ்வளவுக்கு மற்ற உறுப்புகள் கவனிப்பாரற்றுப் போகின்றன. வருஷத்துக்கொருமுறை வரும் பரிசோதனையும் நன்றாயிருக்கும் அந்த எஞ்சினையே மறுபடியும் பார்க்கிறது.

முழு வண்டியையும் பார்த்தால் என்ன அகப்படும்? இதற்கு இங்கிலாந்திலே விடை உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட வாகனங்களுக்குப் பிறேக், விளக்கு, ஸ்ரியறிங் ஆகியவற்றைப் பார்க்கும் பரிசோதனை 1960இல் அங்கு ஆரம்பமாயிற்று. 1967இல் வயதெல்லை மூன்றாகக் குறைக்கப்பட்டது. இன்று அங்கே மூன்று வயதான மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் வருஷந்தோறும் இதற்குப் போகிறது. அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய ஏழு மோட்டார் சைக்கிளுக்கு ஒன்று முதல் தடவையில் தவறுகிறது. கார்களிலோ பத்துக்கு மூன்று. மோட்டார் சைக்கிள்கள் தவறும் காரணங்களில் முதலிடம் பெறுவது விளக்குகள்; பிறேக், டயர், ஸ்ரியறிங், சஸ்பென்ஷன் ஆகியவை பின்தொடர்கின்றன. எஞ்சின் அந்த முன்வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வாசலில் நிற்கும் வரிசையிலும் அதே கதைதான். ஒரு வண்டியின் பிறேக் மிதிபடியைக் கையால் அமுக்கினேன், பின்விளக்குச் சுவிச்சு அசையவில்லை. அடுத்ததிலும் அப்படியே. மிதிபடியோடு சுவிச்சை இணைக்கும் சிறு சுருள்கம்பி அறுந்துவிட்டது. அதன் விலை ஒரு தேநீர்க் காசுக்கு மேல் இராது. பின்னால் வரும் லொறிக்காரனுக்கு நீங்கள் நிற்கப்போவதைச் சொல்வது அது ஒன்றுதான்.

நம் ஊருக்கென்றே ஒரு சத்துரு இருக்கிறது: உப்பு. உப்புவெளி என்று நம் முன்னோர் பெயரிட்டதே சாட்சி. ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் விரிகடல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நகரத்தில் எந்தக் காற்று அடித்தாலும் அதிலே உப்பு உண்டு. துருவின் கைங்கரியம் தாங்கியின் வர்ணத்தில் தெரிவதற்கு முன்பே கேபிளின் உறைக்குள்ளும், செயின் கண்ணிகளுக்குள்ளும், பிறேக் சூவை விரிக்கும் அச்சிலும் தொடங்கிவிடுகிறது. கேபிளின் மேல்முனையைக் கழற்றி, இரண்டு சொட்டு ஒயில் விட்டு, இழை அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள். மற்றவை அதைப் பின்பற்றும்.

டிறம் பிறேக் தேய்ந்ததைச் சக்கரத்தைக் கழற்றாமலே அறியலாம். பிறேக்கை முழுதாக அழுத்தி, சக்கரத்தோரம் உள்ள சிறு நெம்புகோலைப் பாருங்கள். கம்பிக்கும் அதற்கும் இடையிலுள்ள கோணம் செங்கோணத்தைத் தாண்டுமானால் சூவின் காலம் முடிந்தது. நாங்களோ பின்முனையிலுள்ள நட்டை மேலும் மேலும் இறுக்கி, “பிறேக் இறுக்கிவிட்டேன்” என்று திருப்திப்படுகிறோம். என் வண்டியில் நட்டு ஏறுவதற்குப் புரியே மிச்சமிருக்கவில்லை! டிஸ்க் பிறேக் உடையவர்கள் சிரிக்கவேண்டாம். அதற்குரிய திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன.

ஹாண்டில் திரும்பும் இடத்திலுள்ள கோன்செற்றைப் பரீட்சிக்க, நடுத்தாங்கியில் நிறுத்தி முன்சக்கரத்தை உயர்த்தி, ஹாண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு சிறு குழியில் விழுந்து நிற்பதுபோல் தோன்றினால், றோட்டுப் பள்ளங்கள் குண்டுகளை அடித்து அடித்து வளையத்திற் பதித்துவிட்டன என்று பொருள். ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பானரால் தட்டினால் இறுகியது தந்திபோல் ஒலிக்கும், தளர்ந்தது சட்டிபோல் ஒலிக்கும். செயினை வீணைத் தந்திபோல் இறுக்குகிறார்களே, அது தவறு. நடுவில் இருபது, முப்பது மில்லிமீற்றர் அசைவு இருக்கவேண்டும். ஆள் ஏறி அமரும்போது அது இன்னும் இறுகுமல்லவா? டயரைப் பற்றி ஒரு வசனம்: இங்கிலாந்தில் தவாளிப்பு ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் வண்டி தவறும். நம்மிடம் நூல் தெரியும்வரை “இன்னும் ஓடும்” என்கிறார்கள்.

பணமில்லாத சங்கடம் எனக்குத் தெரியும். 2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இன் நெருக்கடியில் உதிரிப்பாக விலை எங்கேயோ போயிற்று. 2025இல் இறக்குமதி மறுபடி திறந்தும் புதுவண்டி வாங்க எத்தனைபேரால் முடிகிறது? பழைய வண்டியே இன்னும் பல வருஷம் நம்மைச் சுமக்கப்போகிறது. ஆனால் நான் இங்கே சொன்ன பழுதுகளில் அநேகம் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படுபவை. பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷத்தில் ஒருநாள் ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் ஒருங்கே கழுவித் துடைக்கப்படுகின்றன. அதுதான் ஆயுதபூசை. சந்தனம் சாத்தி, மாலை போட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அது கழிந்து சில வாரங்களில் வாடையும் மாரிமழையும் வந்துவிடும். பிறேக்குக்கு உண்மையான பரீட்சை அப்போதுதான். ஆதலால் பூசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நமது சங்க முற்றத்தில் ஒரு பரிசோதனை வைப்போம். சான்றிதழும் வேண்டாம், அபராதமும் வேண்டாம். கண்ட பழுதை ஒரு துண்டில் எழுதி உடையவர் கையில் கொடுத்தாற் போதும். பூசையன்று சந்தனப் பொட்டை முன்விளக்குக் கண்ணாடியில் வையாது மட்காட்டில் வைக்கும்படி குருக்கள் ஐயாவிடமும் விண்ணப்பித்துக்கொள்கிறேன். இருட்டிலே அந்தப் பொட்டும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது.

மெக்கானிக் அண்ணன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தேநீர் நம்முடைய பொறுப்பு. ஸ்பானர் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். ஒரு பெட்டி ஸ்பிளிற் பின்னும், ஒரு போத்தல் ஒயிலும், சில பல்ப்புகளும் நான் வாங்கி வருகிறேன். பெயர் கொடுப்பவர்களின் பட்டியல் வாசலில் தங்கச்சியிடம் இருக்கிறது. அதில் முதலாவது வண்டி என்னுடையது. அதன் பின்சக்கரப் பெயாரிங்கில் இரண்டு நாளாக ஒரு சத்தம் கேட்கிறது.