கலோரிக் கணக்கும் அதன் நம்பகத்தன்மையும்

(புனே, நிக்டியில் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் வடிவம்)

கலோரி என்னும் அளவைக்கும் புனே நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்நகரின் கோகலே அரசியல், பொருளியல் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த வி. எம். தண்டேகரும் நீலகண்ட ராத்தும் 1971-ஆம் ஆண்டில் இந்திய வறுமையைப் பற்றிய தங்கள் ஆய்வை வெளியிட்டனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,250 கலோரி என்பதே அவர்கள் கொண்ட அடிப்படை. 1979-இல் திட்டக் குழு அமைத்த பணிக்குழு, ஊரகத்திற்கு 2,400 கலோரி என்றும் நகர்ப்புறத்திற்கு 2,100 கலோரி என்றும் வரையறை செய்தது. புனேயில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே இத்தகைய வரையறைகளை ஏற்கவில்லை. ஒரே மனிதரின் தேவைகூட நாளுக்கு நாள் மாறுபடுவதால், சராசரியை மட்டும் கொண்டு பசித்தோரை எண்ணலாகாது என்பது அவருடைய வாதம்.

அன்று வறியவர்களைக் கணக்கிட அரசு கையாண்ட அளவுகோல், இன்று தனிமனிதர் தம் உணவைக் கணக்கிடும் கருவியாகக் கைப்பேசிக்குள் வந்துள்ளது. நிக்டி, ஆகுர்டி, சிஞ்ச்வட் ஆகிய தொழிற்பகுதிகளில் பல மாநிலத்தவரும் கலந்து வாழ்கின்றனர். இட்லியும், பாக்ரி எனப்படும் சோள ரொட்டியும், மிசலும் ஒரே தெருவில் கிடைக்கின்றன. இவற்றுள் எதன் பெயரைப் பதிந்தாலும், செயலி உடனே ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்க வினா.

எண்கள் பிறக்கும் இடம்

உணவின் ஆற்றலை எந்தச் செயலியும் நேரில் அளப்பதில்லை. அட்டவணையிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. இந்தியாவில் அத்தகைய அட்டவணைக்கு நீண்ட வரலாறு உண்டு. நீலகிரியின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஊட்டக்குறை நோய் ஆய்வே இதன் வித்து. அங்கு வளர்ந்த ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. 1971-இல் சி. கோபாலனும் அவருடைய குழுவினரும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து மதிப்பு நூல் பல்லாண்டுகள் வழிகாட்டியாக விளங்கியது. 2017-இல் இந்நிறுவனம், நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டி, 528 உணவுப் பொருள்களின் புதிய அட்டவணையை வெளியிட்டது.

இத்தகைய அட்டவணையிலும் ஆற்றல் என்பது கணக்கிடப்பட்ட எண்ணே. பொதுவாகப் புரதத்திற்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி எனக் கொள்ளப்படுகிறது. அமெரிக்க அறிஞர் வில்பர் அட்வாட்டரின் ஆய்வுகளிலிருந்து கிடைத்த சராசரிகள் இவை. ஆகவே மிகச் சிறந்த அட்டவணையும் தோராயத்தையே தருகிறது. ஆனால் அந்தத் தோராயத்திற்குப் பின்னால் மாதிரியும், சோதனையும், பொறுப்பேற்கும் நிறுவனமும் உள்ளன.

பிழை நுழையும் வழிகள்

செயலிகளின் தரவுகள் அனைத்தும் இத்தகையவை அல்ல. உலகெங்கும் வழங்கும் மைஃபிட்னஸ்பால் போன்ற செயலிகளில் பயனாளர்களே பதிந்த குறிப்புகளும் கலந்துள்ளன. இதனால் ஒரே உணவுக்குப் பல எண்கள் தோன்றுகின்றன.

முதற்பிழை, அரிசிக்கும் சோற்றுக்கும் இடையிலானது. நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. வெந்தபின் நீர் சேர்வதால், நூறு கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியே இருக்கும். முந்நூறு கிராம் சோறு உண்டவர் தவறுதலாக அரிசிக்குரிய பதிவைத் தேர்ந்தால், 390 என்பது 1,050 ஆகிவிடும். மிகுதியாகக் காட்டப்படும் இந்த 660 கலோரி, உடலுழைப்புக் குறைந்த பெண்ணுக்கு 2020-ஆம் ஆண்டின் தேசியப் பரிந்துரை காட்டும் 1,660 கலோரியில் ஐந்தில் இரண்டு பங்காகும்.

இரண்டாவது, எண்ணெய். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 40 கலோரி உண்டு. ஒரே பெயருடைய பொரியலில் ஒரு வீட்டில் ஒரு கரண்டியும் மற்றொரு வீட்டில் நான்கு கரண்டியும் சேரலாம். நிழற்படத்தைக் கொண்டு உணவை மதிப்பிடும் செயலிகளும் குழம்பில் கரைந்த எண்ணெயைக் காண இயலாது.

மூன்றாவது, அளவை. ‘ஒரு கிண்ணம்’ என்பது எத்தனை கிராம் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். நான்காவது, விடுபட்ட சத்துகள். பொட்டலச் சீட்டிலிருந்து எடுத்த குறிப்பில் இரும்புச்சத்து இல்லையெனில், அது அளக்கப்படவில்லை என்றே பொருள். உணவில் இல்லை என்று பொருளல்ல. கூட்டுத்தொகையில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

பாதிப்பு யாருக்கு?

உடல் எடையைக் காப்பவருக்கு இப்பிழை சிறு இடையூறாக இருக்கலாம். உண்ணும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் அளவை முடிவு செய்யும் நோயாளிக்கோ இது உயிர் பற்றிய செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு; 18.7 விழுக்காட்டினர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்துள்ளனர். 24 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர். குறைவும் மிகையும் அருகருகே நிலவும் நாட்டில், தவறான எண் இரு சாராரையும் வழிதவறச் செய்யும்.

செய்ய வேண்டியவை

உணவை விற்பவர் தரும் தகவலுக்கு விதிகள் உள்ளன. மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகளையுடைய உணவகங்கள் பட்டியலில் கலோரியைக் காட்டவேண்டும் என்ற விதி 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீட்டுச் சமையலைப் பற்றிச் செயலி கூறும் எண் இவ்விதியின் எல்லைக்குள் அடங்குவதன்று.

எனவே மூன்று நெறிகள் பயன் தரும். ஒவ்வொரு எண்ணுடனும் அதன் மூலமும், அது பச்சைப் பொருளுக்கா சமைத்ததற்கா என்பதும் காட்டப்பட வேண்டும். ‘412 கலோரி’ என்று துல்லியம் காட்டுவதற்கு மாறாக ‘350 முதல் 450 வரை’ என்று குறிப்பிடுவது உண்மைக்கு நெருக்கமானது. பொதுப் பணத்தில் உருவான தேசிய அட்டவணை எளிதில் எடுத்தாளத்தக்க வடிவில் அனைவருக்கும் கிடைத்து, வட்டாரச் சமையல்களுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும்.

பயனாளருக்கும் கடமை உண்டு. அரிசியையும் எண்ணெயையும் சமைக்குமுன் ஒரு வாரம் நிறுத்துப் பார்க்கும் குடும்பம், தன் கிண்ணத்தின் அளவை அறிந்துகொள்ளும். ஒரே வீடு, ஒரே கிண்ணம், ஒரே முறை எனப் பதிந்து வந்தால், நாள் கணக்கில் பிழை இருப்பினும் மாதக் கணக்கில் ஏற்ற இறக்கம் ஓரளவு சரியாகத் தெரியும். செயலியை இவ்வாறு பயன்படுத்துவதே அறிவுடைமை. நோயாளிகள் மருத்துவரின் ஆலோசனையின்றி அந்த எண்ணைக் கொண்டு மருந்தின் அளவை மாற்றலாகாது.

புனேயில் எழுந்த அந்தப் பழைய விவாதம் உணர்த்திய பாடம் இன்றும் பொருந்தும். வறுமையை எண்ணினாலும் வட்டிலை எண்ணினாலும், அளந்த முறையை அறியாமல் எண்ணை மட்டும் நம்புவது திட்டமிடலாகாது.