பேரன் எடுத்த கோயிலும் மகன் எடுத்த கோயிலும்



குடமுழுக்கு நன்னாளில் குடும்பத்துப் பெரியோரை நினைந்து கண் கலங்காத அன்பர் எவரும் இலர். வைகறையில் நீராடித் திருநீறணிந்து, பேரனின் சிறு கையைப் பற்றிக்கொண்டு இக்கோயிலை வலம் வந்த பாட்டனார் இன்று இல்லை. தாம் பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே பேணி, அவன் நாவில் திருவைந்தெழுத்தை ஏற்றிய வளர்ப்புத் தந்தையாரும் இன்று இல்லை. 'அவர் இருந்து இதனைக் கண்டிருக்கலாகாதா' என்னும் ஏக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது. மறைந்த அப்பெரியோருக்குச் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சோழர் குடும்பம் கல்லில் விடை எழுதி வைத்திருக்கிறது.

முதற் பராந்தக சோழனின் மக்களுள் கண்டராதித்தர் சிவபத்தியிற் சிறந்தவர். தில்லைக் கூத்தனைப் பாடிய அவருடைய திருவிசைப்பா ஒன்பதாம் திருமுறையில் இடம் பெற்றது. அவர் மறைந்த பின்னர், அவருடைய தேவியாராகிய செம்பியன் மாதேவியார், இன்று கோனேரிராசபுரம் என வழங்கும் திருநல்லத்தில், கணவர் பெயரால் கற்றளி எடுப்பித்தார். அங்கே கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலம் சிற்பமாக உள்ளது. அது இன்னாருடைய வடிவம் என்று கல்லெழுத்தும் சொல்கிறது. முடிபுனைந்து அரியணையில் வீற்றிருக்கும் கோலத்தில் அவரை வடிக்கச் சொல்லியிருக்கலாம். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. தம் நாயகர் எந்நிலையில் இருப்பதை விரும்பினாரோ, அந்நிலையிலேயே அவரை நிறுத்தினார்.

கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயன். அவன் ஆண்டது சிறிது காலமே. ஆற்றூரில் உயிர் நீத்தமையால் கல்வெட்டுகள் அவனை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' என்று குறிக்கும். இறந்தார் என்னாமல் துஞ்சினார் என்ற அச்சொல்லின் பரிவு எண்ணி மகிழத்தக்கது. அவ்வரிஞ்சயனின் பேரனே 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன். தஞ்சையில் பெருங்கோயில் எடுத்த அப்பேரரசன், வேலூர் மாவட்டத்தில் பொன்னையாற்றங்கரையில் உள்ள மேல்பாடியில் தன் பாட்டனுக்கு ஒரு பள்ளிப்படைக் கோயில் எடுத்தான். மறைந்தவர் நினைவாகச் சிவலிங்கம் எழுந்தருளுவித்து எடுக்கும் கோயிலே பள்ளிப்படை. அரிஞ்சிகை ஈச்சரம் என்பது அதன் பெயர். பெயர் பாட்டனுடையது, உள்ளே பூசை கொள்பவர் சிவபெருமான். தஞ்சைக் கோயிலின் உயரத்தைக் கண்டு வியப்பவர்கள், அதே கை எடுத்த இச்சிறு கோயிலையும் ஒருமுறை கண்டு வருதல் வேண்டும். அது வெற்றியின் சின்னமன்று. ஒரு பேரனின் நன்றி.

இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் செய்தது இன்னும் உருக்கமானது. தமிழ் வழக்கில் மாற்றாந்தாய் என்னும் சொல்லுக்கே ஒரு கசப்பு உண்டு. அன்பின்மையைச் சுட்ட 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று சொல்வது பழகிப் போயிற்று. இராசேந்திரனோ, இராசராசனின் தேவியருள் ஒருவரும் தனக்குச் சிற்றன்னையுமாகிய பஞ்சவன்மாதேவியாருக்குப் பழையாறையில் பள்ளிப்படை எடுத்தான். பட்டீச்சரத்தை அடுத்த இராமநாதன்கோயில் என்னும் ஊரில் இன்றும் அது உள்ளது. அவன் அவ்வம்மையார் வயிற்றில் பிறந்தவன் அல்லன். கங்கையும் கடாரமும் கொண்ட பெருவேந்தன் ஒருவன், பெறாத தாய்க்குக் கோயில் எடுத்து, பஞ்சவன்மாதேவீச்சரம் என்று அவர் பெயரையே அதற்குச் சூட்டினான் எனின், அவர் அவன்பால் காட்டிய அன்பு எத்தகையதாய் இருந்திருக்கும்! பெற்ற கடனுக்கு எல்லை சொல்லலாம். பெறாமலே பேணிய கடனுக்கு எல்லை ஏது?

கோயில் எடுத்தல் அரசர்க்கு எளிது. எளியோர் என் செய்வர் என்று கேட்கலாம். அதற்கும் அக்காலத்துக் கல்வெட்டுகளே விடை தருகின்றன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய, தஞ்சைக் கல்வெட்டுகளின்படி, 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ கொடுக்க வேண்டும். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாறு விடப்பட்ட ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா? மூப்பு அடையாதா? சாகும், மூக்கும். ஆயினும் ஒன்று வீழ்ந்தால் அதன் இடத்தில் ஒரு குட்டி வளர்ந்து நிற்கும், எண்ணிக்கை குறையலாகாது. ஆகவே ஆடு செத்தும் மந்தை சாகவில்லை. மந்தை சாகாமையால் விளக்கு அவியவில்லை.

அன்பர்களே! முன்னோரை நினைத்தலின் மறைபொருள் முழுவதும் இவ்வொரு தொடரில் அடங்கியிருக்கிறது. பாட்டனார் மறைந்தார், அவர் விட்டுச் சென்ற பணி மறையலாகாது. அவர் தொடுத்த பூமாலையைத் தொடுக்க ஒரு கை, அவர் ஏற்றிய அகலை ஏற்ற ஒரு கை, அவர் மெழுகிய திருமுன்றிலை மெழுக ஒரு கை அவ்விடத்தில் வளர்ந்து நிற்றல் வேண்டும். உபயகாரர் பெயரைப் பொறித்தல் தவறன்று. எனினும் எழுத்து மிகுந்து ஒளி குறைந்த விளக்குகளும் உலகில் உண்டு. குடமுழுக்கன்று ஏற்றிய விளக்கு மண்டலாபிடேகம் முடிந்த மறுநாள் நெய்யின்றி அவியுமானால், கல்லில் பொறித்த பெயர் யாரை நினைவூட்டும்? பெயரை வெட்டுவதற்கு ஒருநாள் போதும். நெய் நாள்தோறும் வேண்டும்.

மேலும் ஒன்று. வளர்த்த தந்தையாரின் பெயரைத் தலைப்பெழுத்தாகத் தம் பெயர்முன் இட்டுக்கொள்ள இயலாத பிள்ளைகள் உண்டு. அவர் மறைந்த பின், 'மகன்' என்று முன்னின்று நீர்க்கடன் ஆற்றும் உரிமையும் சிலருக்குக் கிட்டாமற் போவதுண்டு. ஊரும் உறவும் தராத அவ்வுரிமையை இறைவன் சந்நிதி மறுப்பதில்லை. அவர் நினைவாக ஒரு விளக்கு ஏற்றுபவனை, 'நீ அவருக்கு யார்?' என்று அங்கே கேட்பார் இல்லை. பழையாறைப் பள்ளிப்படை அதற்குச் சான்றாக நிற்கிறது.

ஆதலின், இத்திருக்குடமுழுக்கைக் கண்டு களிக்கும் ஒவ்வொருவரும், தம்மை இச்சந்நிதிக்கு முதன்முதல் கைப்பிடித்து அழைத்து வந்தவர் யார் என்று ஒரு கணம் நினைத்தல் வேண்டும். பின்பு, ஒரு குழந்தையின் கையைப் பற்றி உள்ளே அழைத்து வருதல் வேண்டும். அக்குழந்தை தாம் பெற்றதாயினும் ஆகுக, பெறாததாயினும் ஆகுக. மந்தை குறையாதிருக்க, விளக்கு அவியாதிருக்க, முன்னோர் நினைவு இறைவன் திருவடி நிழலில் நின்று நிலவுக!