விமானம் ஏறும் சக்கர நாற்காலி

(உள்ளடங்கிய கல்விக்கான ஆசிரியர் பயிற்சியில், திருவொற்றியூர்ப் பகுதி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் துளசிமதி வெள்ளியும், மனிஷா, நித்யஸ்ரீ, மாரியப்பன் ஆகியோர் வெண்கலமும் வென்றார்கள். நம் வகுப்பறைகளிலிருந்தும் இனிப் பல பிள்ளைகள் போட்டிகளுக்குப் பறப்பார்கள். அதற்கு நாம் தயாரா? நான் தயாராக இல்லாத ஒரு நாளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடுகிறாள். அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் கட்டும் தொழிலாளி. வெளிமாநிலப் போட்டி ஒன்றுக்கு அவளை விமானத்தில் அழைத்துச் சென்றேன். அவளிடம் இரண்டு நாற்காலிகள். ஒன்று அன்றாடம் பயன்படுத்துவது. மற்றது விளையாட்டு நாற்காலி. அதன் சக்கரங்கள் கீழே விரிந்து சாய்ந்திருக்கும். சட்டகம் மடங்காது. இருக்கை அவள் உடல் அளவுக்கே செய்யப்பட்டது.

பயணச்சீட்டு முகப்பில் இருந்த ஊழியர் என்னைப் பார்த்து, "இவங்க நடப்பாங்களா?" என்று கேட்டார். பதில் சொன்னது நான். விளையாட்டு நாற்காலிக்கு ஒரு சீட்டைக் கட்டி, கையெழுத்துக் கேட்டார்கள். படிக்காமல் போட்டேன். சேதத்துக்கான பொறுப்பைக் குறைக்கும் வாசகம் அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இறங்கியபோது வலது சக்கரம் வளைந்திருந்தது. வெளியே வேன் காத்திருக்கிறதே என்று புகார்கூட எழுதாமல் கிளம்பிவிட்டேன். வேறொருவர் நாற்காலி அவள் அளவுக்குப் பொருந்தவில்லை. முதல் ஆட்டம் முழுவதும் அவள் ஓரத்தில் இருந்தாள். இரவு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சார், அதை எப்படித் தூக்கணும்னு எனக்குத் தெரியும். என்னை ஏன் சார் யாரும் கேக்கல?"

அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

ஊர் திரும்பியதும் அவள் அப்பா சொன்னார்: "கப்பல்ல ஏத்துற பொட்டியில எந்தப் பக்கம் மேல, எங்க கொக்கி மாட்டணும்னு எழுதி இருக்கும் சார். பாப்பா வண்டியில ஒண்ணுமே எழுதலியே." எண்ணூர் நெடுஞ்சாலையில் தினமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்கு வருகிற எனக்கு இது தோன்றவில்லை.

பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன். உங்களுக்குப் பயன்படுபவற்றைச் சொல்கிறேன்.

உதவி தேவை என்பதைப் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது நாற்காலிக்கான நடைமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் அனுப்புங்கள். சில விமானங்களின் சரக்கு அறைக் கதவு ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. மின்கல நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் திறனையும் குறிப்பிடுங்கள். கழற்றக்கூடிய லித்தியம் மின்கலம் பயணியுடன் கேபினில்தான் வரவேண்டும்.

விளையாட்டு நாற்காலியின் சக்கரங்கள் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும். அவற்றைத் தனிப் பையில் போட்டிருந்தால் அன்று வளைந்திருக்காது. ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். சேதம் இருந்தால் விமான நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்யுங்கள். எழுத்துப் புகாருக்கு 7 நாள்தான் அவகாசம். உள்நாட்டுப் பயணத்தில் பைகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 20,000 ரூபாய். நல்ல விளையாட்டு நாற்காலியின் விலை அதைவிடப் பல மடங்கு. அதனால் மதிப்பை முன்கூட்டியே அறிவிக்க வழி உண்டா என்று கேளுங்கள்.

இவை சலுகைகள் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 2012-இல் பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ், கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பியபோது விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் வழக்காடினார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதே ஆண்டு இறுதியில்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தது.

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கணக்கு ஆசிரியை அளவைப் பாடத்தில் நாற்காலியையே அளக்க வைத்தார். தமிழ், ஆங்கில வகுப்புகளில் 'என் நாற்காலி' என்று ஓர் அட்டை எழுதினோம்: எங்கே பிடிக்க வேண்டும், எதைக் கழற்றலாம், எதன்மேல் பாரம் வைக்கக் கூடாது. புகார்க் கடிதமும் எழுதிப் பழகினார்கள். ஒரு மேசையை முகப்பாக வைத்து நடித்துப் பார்த்தோம். ஊழியராக நடித்தவன் வேண்டுமென்றே ஆசிரியரிடமே கேள்வி கேட்பான், பதிலை மாணவிதான் சொல்ல வேண்டும். பிறகு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் விமான நிலையம் வரை ஒரு சனிக்கிழமை போய் வந்தோம்.

அடுத்த பயணத்தில் ஊழியர் வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அட்டையை நீட்டினாள். "மேடம், சக்கரத்தை நானே கழட்டித் தரேன். இந்தக் கம்பியில பிடிச்சுத் தூக்கச் சொல்லுங்க" என்றாள். சொன்னபடியே தூக்கினார்கள். நாற்காலி முழுதாக வந்து சேர்ந்தது. முதல் ஆட்டத்தில் அவள் களத்தில் இருந்தாள்.

உங்கள் பள்ளியில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காலிப்பர், செவித்துணைக் கருவி பயன்படுத்தும் பிள்ளை ஒருவராவது இருப்பார். விமானப் பயணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அந்தப் பிள்ளையுடன் உட்கார்ந்து அந்த அட்டையை எழுதுங்கள். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துக்கும் அது உதவும்.