ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

(ப்ளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்காக நம் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்)

வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவனுக்கு ஆன்லைன் படிப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு தப்பு செய்திருக்கிறேன், அதுதான் தகுதி.

இரண்டு வருஷம் முன்பு என் அக்கா பேரன் போனை நீட்டினான். "தாத்தா, டேட்டா சயின்ஸ் ஆன்லைன் டிகிரி. மாசம் 4,500தான், 24 மாசம், வட்டியே கிடையாது." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெருக்கிப் பார்த்தேன். 1,08,000. கணக்கு சரி. "சேர்ந்துக்கோப்பா" என்றேன். அவன் அப்பா போனுக்கு ஓ.டி.பி. வந்தது, சொன்னார், முடிந்தது.

ஐந்தாவது மாசம்தான் தெரிந்தது, அது டிகிரியே இல்லை. பயிற்சி நிறுவனம் தன் பெயரில் கொடுக்கும் சான்றிதழ். பையன் நிறுத்திவிட்டான், தவணை நிற்கவில்லை. பணம் கொடுத்தது வேறொரு நிதி நிறுவனம், கடன் அப்பா பெயரில். பயிற்சிக்காரர்கள் "ரீஃபண்ட் தேதி முடிந்துவிட்டது" என்றார்கள். கடன்காரர்கள் "படிப்பு எங்கள் விஷயமில்லை" என்றார்கள். இரண்டு தவணை தவறியது, சிபில் ஸ்கோர் இறங்கியது. அடுத்த வருஷம் தங்கைக்குக் கல்விக் கடன் கேட்கப் போனபோது, அந்த ரிப்போர்ட்டைத்தான் மேனேஜர் எடுத்து முன்னால் வைத்தார். நான் வட்டியைப் பார்த்தேனே தவிர, பட்டம் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

அதனால் நீங்கள் முதலில் அதைக் கேளுங்கள். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும், சட்டப்படி அந்த அதிகாரம் பெற்ற சில நிறுவனங்களுக்கும்தான். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அனுமதிப் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்பும், அந்தக் கல்வியாண்டும் அதில் இருக்க வேண்டும். இருந்தால் தைரியமாகச் சேரலாம். அப்படிப்பட்ட பட்டம் நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022லேயே அறிவித்துவிட்டது. மருத்துவம், நர்சிங், சட்டம், இன்ஜினியரிங் பட்டங்களை ஆன்லைனில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். சென்னை ஐ.ஐ.டி. நடத்துவதுகூட பி.எஸ். பட்டம், பி.டெக். இல்லை. அதற்கும் நேரில் மையத்துக்குப் போய்த்தான் பரீட்சை எழுத வேண்டும்.

அடுத்தது என் துறை. "வட்டியில்லாத் தவணை" என்றாலும் அது கடன்தான். கட்டணத்துக்குள்ளேயே வட்டி உட்கார்ந்திருக்கும். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். செயலி வழியாகக் கொடுக்கும் கடனுக்கு முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 'கூலிங் ஆஃப்' என்று ஓர் அவகாசமும் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாள்களுக்கான செலவையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியே வந்துவிடலாம். அந்த அவகாசம் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். ஓ.டி.பி.யும் கையெழுத்துதான், பெற்றோர்களே.

மூன்றாவது, உங்களால் தனியாகப் படிக்க முடியுமா? எங்கள் காலத்தில் வங்கியில் பாதிப் பேர் தபால் வழியில் எம்.காம். சேர்ந்தார்கள். பாடக் கட்டுகள் பிரிக்காமலே பரணுக்குப் போயின. என்னுடையதும்தான். இன்று உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பரீட்சைக்குக் கட்டணம். 8 வாரப் பாடம் ஒன்றை எடுங்கள். அம்மா "படிச்சியா?" என்று கேட்காமலே ஆறாவது வாரம் வரை ஒப்படைப்புகளை அனுப்பியிருந்தால், லட்ச ரூபாயைப் பற்றி அப்புறம் வீட்டில் பேசலாம்.

மத்தியானம் சுவரில் டிரில் போடுபவர்களிடம் செக்ரட்டரி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பு கேட்கிற பிள்ளைகள் சார்பில் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை நம் நூலக அறையில் இருப்பேன். விளம்பரம், ஒப்பந்தம், தவணைத் தாள் எதுவானாலும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால் வாருங்கள்.